நேர்வழியும் நெகிழ்வும்

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கோடையில் ஒரு விரலால் தள்ளியதும் திறந்த கதவு, ஐப்பசி பிறந்துவிட்டால் தோள் கொடுத்து மோதினாலும் அசைய மறுக்கிறது. கதவு அதேதான், தள்ளுகின்ற ஆளும் அதே ஆள்தான். ஆயினும் வழி அடைபட்டுவிடுகிறது. இயந்திரங்களுக்கும் இத்தகைய பிணி உண்டு. நேர்கோட்டில் சென்று வரவேண்டிய ஓர் உறுப்பு நடுவழியில் இறுகி நின்றுவிடும். பட்டறைகளில் இதனை 'அச்சு பிடிக்கிறது' என்பார்கள். இந்தப் பிடிப்பு எதனால் வருகிறது, அதனை மனிதன் எவ்வாறு படிப்படியாகக் கண்டறிந்து நீக்கினான் என்னும் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து வீடுகளுக்குள் புகுந்தது. எர்ணாவூரில் சிறிய அறை ஒன்றில் தொழில் நடத்திவந்த ஓர் இளைஞர், முன்னர் என்னிடம் பாடம் கேட்டவர், அந்த வெள்ளத்தில் தம் உடைமைகள் பலவற்றை இழந்தார். அவருக்கு எஞ்சியது ஓர் இயந்திரம். கணினியின் கட்டளைப்படி மரப் பலகையில் எழுத்துக்களைக் குடையும் சிறு இயந்திரம் அது, சி.என்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஈராண்டுச் சேமிப்பைக் கொண்டு, உறுப்பு உறுப்பாக வாங்கி, தம் கையாலேயே அதனை அவர் கூட்டியிருந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை, கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்து கொடுக்கும் பிழைப்பாக வளர்ந்திருந்தது.

வெள்ளம் வடிந்தபின் அவர் இயந்திரத்தைக் கழுவினார்; உலர்த்தினார்; எண்ணெயிட்டார்; தளர்ந்திருக்கக்கூடும் என்று கருதித் திருகாணிகளை எல்லாம் முன்னைவிட நன்றாக முடுக்கினார். தை மாதத்தில் முதல் வேலை வந்தது. பலகையில் 'திருவொற்றியூர்' என்று பொறிக்க வேண்டும். முதல் மூன்று எழுத்துக்கள் செம்மையாக அமைந்தன. அதன்பின் ஒரு முனகல் ஒலி எழுந்தது. அடுத்து வந்த எழுத்து முந்திய எழுத்தின்மீது ஏறிக்கொண்டது, அதற்கடுத்ததும் அவ்வாறே. பலகை பாழாயிற்று. இன்னொரு பலகையும் அதே இடத்தில் பாழாயிற்று.

அவர் என்னிடம் வந்து, "சார், மோட்டாருக்கு வலு போதவில்லை. இருமடங்கு வலுவுள்ள மோட்டார் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன், பணத்துக்கு வட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்" என்றார். "பணத்தை வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறு, தம்பி, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். அவ்வாறு நான் சொன்னதற்கு என் அறிவு மட்டும் காரணமன்று. பல தலைமுறைத் தொழிலாளர் பட்டறிந்து சேர்த்த அறிவே காரணம். அந்த அறிவின் வரலாற்றைப் பார்ப்பதற்கு முன், இயந்திரத்தின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்வோம்.

ஒட்டுப்பலகையாலான அடித்தளம் ஒன்று. அதன் இருபுறமும் இணையாக இரண்டு எஃகுத் தண்டுகள். அவ்விரு தண்டுகளின்மேல், குறுக்கே போட்ட பாலம்போல் ஒரு சட்டம் முன்னும் பின்னும் நகரும். வெட்டும் கருவி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அடித்தளத்தின் நடுவே நீண்ட திருகுத் தண்டு ஒன்று ஓடுகிறது. அதன்மேல் ஏறிய நட்டு, சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. திருகுத் தண்டை ஒரு முனையில் மோட்டார் சுழற்றும். தண்டு சுழல, நட்டு நகரும். நட்டு நகர, சட்டம் நகரும். இத்தகைய ஒரு நேர்வழிக்கு அச்சு என்று பெயர்.

அந்த மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழல்வது. அவர் அமைத்திருந்த திருகில் ஒரு முழுச் சுற்றுக்குச் சட்டம் 8 மில்லிமீட்டர் நகரும். ஆகவே ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர். இத்தனை நுட்பமாக நடக்கின்ற மோட்டாருக்கு ஒரு குறை உண்டு: அதற்குக் கண் இல்லை. 'நூறு படி போ' என்று கணினி கட்டளையிட்டால், தண்டு உண்மையில் சுழன்றதா என்பதை அது திரும்பச் சொல்வதில்லை. தடை மிகுந்து மோட்டார் தடுமாறினால் படிகள் நான்கு நான்காகத் தவறிப்போகும். அஃதாவது ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் குறைந்தது 0.16 மில்லிமீட்டர் காணாமற்போகும். கணினியோ எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே எண்ணி மேலே செல்லும். எழுத்தின்மேல் எழுத்து ஏறியதன் மருமம் இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எர்ணாவூரிலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே சென்றால் இராயபுரத்தை அடையலாம். தென்னிந்தியாவின் முதல் இரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே மக்கள் பயணம் தொடங்கிற்று. தூண்கள் அணிசெய்யும் அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இரயிலுக்கும் நம் இளைஞரின் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இரண்டு தண்டவாளங்கள், அவற்றின்மேல் ஓடும் ஒரு வண்டி: நேர்வழியில் ஒரு பொருளைச் செலுத்தும் ஏற்பாட்டிற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஏது?

அந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். இன்றைய கணக்கில் 1676 மில்லிமீட்டர். சக்கரங்கள் வழுவாதிருக்க அவற்றின் உட்புறத்தில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு தண்டவாளத்தை ஒட்டி நெருக்கிக்கொண்டு ஓடுகிறதா? இல்லை. இரண்டிற்கும் நடுவே சிறிது இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் ஓடுபரப்பும் சற்றே சரிவாகக் கடையப்பட்டது. வண்டி ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தச் சரிவே அதனை நடுவுக்குத் திருப்பிவிடும். விளிம்பு தொடுவது அரிதான சமயங்களில்தான். இடைவெளியே இல்லாமல் விளிம்புகள் தண்டவாளங்களைக் கவ்விக்கொண்டிருந்தால், எத்தனை வலிய என்ஜினும் அந்த வண்டியை நெடுந்தூரம் இழுத்திருக்க முடியாது. வெயிலில் இரும்பு நீளும் என்பதற்காகத் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையேயும் வெளி விட்டார்கள். ஓடவேண்டிய பொருளுக்கு வழிகாட்டுதலும் வேண்டும், நெகிழ்வும் வேண்டும் என்னும் பாடத்தை இராயபுரத்துத் தண்டவாளம் அன்றே நமக்குக் காட்டியது.

பட்டறைக்குள் இப்பாடத்தைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலேயர். 1771இல் பிறந்த இவர், ஏறத்தாழ 1800ஆம் ஆண்டளவில் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன்பு கடைசல்காரர் உளியைத் தம் கையிலேயே பிடித்துக்கொள்வார். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். மாட்ஸ்லியின் இயந்திரத்தில் உளியை ஒரு நகரும் தாங்கி பிடித்துக்கொண்டது. அந்தத் தாங்கியைத் திருகுத் தண்டு ஒழுங்காக நகர்த்தியது. இளைஞரின் இயந்திரத்தில் நாம் கண்ட திருகும் நட்டும் நகரும் சட்டமும் அந்தக் கடைசல் இயந்திரத்தின் வழித்தோன்றல்களே.

தாங்கி நேராக நகரவேண்டுமாயின் அது நகரும் பரப்பு சமதளமாக இருக்கவேண்டும். சமதளத்தை எப்படி உண்டாக்குவது? மட்டக்கோலை வைத்துப் பார்க்கலாம் என்றால், அந்த மட்டக்கோல் நேரானது என்பதற்கு எது சான்று? மாட்ஸ்லியின் பட்டறை இதற்கு எளிய விடை கண்டது. இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திச் சீர்செய்தால் ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருக்கலாம். ஆயினும் இரண்டும் பொருந்தியே நிற்கும். மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பொருந்துமாறு செய்தால் அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. குழிந்ததோடு பொருந்துவது புடைத்ததோடு பொருந்தாது. மூன்றும் தம்முள் பொருந்துமானால் மூன்றும் சமதளமாகவே இருக்கவேண்டும். மாட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய அறிவியலார் அவையில் இம்முறையை விளக்கிக் கட்டுரை படித்தார். தகடுகளைத் தேய்த்துப் பொருத்தாமல், நீலச் சாயம் போன்ற ஒன்றைப் பூசி, ஒட்டும் மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மறு ஆண்டில் திருகுகளுக்குப் பொது அளவுமுறை ஒன்றையும் வகுத்தார். பிடிப்பு நேரும் இடம் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைக் கண்டு அதை மட்டும் திருத்துவதே தொழில் என்பதை இவர்கள் உலகுக்குக் கற்பித்தார்கள்.

கடைசல் இயந்திரத்தின் படுக்கையை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பல இயந்திரங்களில் தாங்கி ஓடும் இரு தடங்களும் ஒரே வடிவில் இரா. ஒன்று கூரைபோல் கூம்பி நிற்கும். மற்றொன்று தட்டையாக இருக்கும். நான் மாணவனாக இருந்தபோது இது அழகுக்கான வேற்றுமை என்று எண்ணியிருந்தேன். பிறகுதான் காரணம் விளங்கிற்று. தடையற்ற ஒரு பொருளுக்கு ஆறு வகை இயக்கங்கள் உண்டு. முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று நகர்ச்சிகள். அம்மூன்று திசைகளையும் சுற்றி மூன்று சுழற்சிகள். நேர்வழியில் செல்லவேண்டிய தாங்கிக்கு ஒரே ஒரு நகர்ச்சி போதும். மற்ற ஐந்தையும் தடுக்கவேண்டும். கூம்பிய தடம் நான்கைத் தடுத்துவிடுகிறது. எஞ்சிய ஒன்றை, அதாவது பக்கவாட்டில் கவிழ்வதை, தட்டைத் தடம் தாங்கித் தடுக்கிறது. ஐந்துக்கு ஐந்து, கணக்குச் சரி. இரண்டும் கூம்பித் தடங்களாக இருந்தால் எட்டுத் தடைகள் ஆகும்; வேண்டியதற்கு மேல் மூன்று. அந்த மிகைத் தடைகள் ஒன்றோடொன்று முரண்படாதிருக்க, இரு தடங்களும் நூலிழை பிசகாமல் இணையாக இருந்தே தீரவேண்டும். சற்றே பிசகினாலும் ஒரு தடம் 'இப்படி வா' என்னும், மற்றது 'அப்படி வா' என்னும். நடுவில் அகப்பட்ட தாங்கி அசையாது நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல், கெல்வின் ஆகிய பேரறிஞர்கள் ஆய்வுக் கருவிகளை அமைக்கும்போது இந்தத் தத்துவத்தைப் போற்றினார்கள். ஒருவர் வழிகாட்ட வேண்டும்; மற்றவர் தாங்கினால் போதும். இருவரும் வழிகாட்டத் தொடங்கினால் பயணம் நின்றுவிடும்.

'பிசகு இருந்தால் என்ன? பலமாகத் தள்ளினால் போகாதா?' என்று ஒருவர் கேட்கலாம். நம் இளைஞரின் எண்ணமும் அதுவே. உங்கள் மேசையின் இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடித்துத் தள்ளினால் சீராக உள்ளே போகிறது. ஓரத்தில் பிடித்துத் தள்ளினால் சற்றே கோணி, எதிரெதிர் மூலைகள் இரண்டு பக்கச் சுவர்களில் முட்டிக்கொள்கின்றன. முட்டும் இடத்தில் உராய்வு பிறக்கிறது. அந்த உராய்வு எவ்வளவு? மூலைகள் சுவரை எவ்வளவு அழுத்துகின்றனவோ அதற்கு ஏற்ற அளவு. இந்த விதியைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அமோன்தோன் 1699இல் கூறினார்; கூலோம் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினார். மூலைகளின் அழுத்தமோ நம் கை தள்ளும் விசையிலிருந்து பிறக்கிறது. கை இருமடங்கு தள்ளினால் அழுத்தமும் இருமடங்கு, உராய்வும் இருமடங்கு. ஆகவே விசையைக் கூட்டுவதால் பயன் இல்லை. தடையும் கூடவே வளர்கிறது.

அப்படியானால் எதைப் பொறுத்துப் பிடிக்கிறது? இரண்டு நீளங்களைப் பொறுத்தே. தள்ளும் இடம் எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பது ஒன்று. பெட்டி சுவரைத் தழுவி நிற்கும் நீளம் எவ்வளவு என்பது மற்றொன்று. உராய்வு, அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒதுங்கிய தூரம் தழுவும் நீளத்தைப்போல் இருமடங்கை எட்டும்போது இரு மூலைகளின் உராய்வும் சேர்ந்து தள்ளும் விசைக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் யானை வந்து தள்ளினாலும் பெட்டி நகராது, சுவர்தான் உடையும். வீட்டில் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். திருவொற்றியூரில் மாசித் தேரோட்டத்தின்போது தேர்வடம் பிடித்தவர்களுக்கும் இது தெரிந்ததே. ஒரு வடத்தை இழுப்பவர்கள் ஓடி, மறு வடத்தை இழுப்பவர்கள் பின்தங்கினால் தேர் கோணும். அப்பொழுது அனுபவசாலிகள் இன்னும் நூறு பேரைக் கூப்பிடமாட்டார்கள். இழுப்பதை நிறுத்தச் சொல்லி, முட்டுக்கட்டையிட்டுத் திசையைச் சரிசெய்வார்கள்.

இந்த அறிவு நம் வடசென்னைக்குத் தொழிற்சாலைகளின் வழியாக வந்து பரவியது. பெரம்பூரில் இரயில் பணிமனைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றின. 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்கள் கூட்டப்பட்டன. 1955இல் அந்நிறுவனம் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்றது. அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழில் வேரூன்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். கடைசல் இயந்திரங்களையே நம் நாட்டில் செய்யவேண்டும் என்று 1953இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் தொடங்கப்பட்டது. மீன்பிடித்தும் உப்பு விளைத்தும் வாழ்ந்த கரையில், ஆயிரத்தில் ஓர் அங்குலம் என்னும் அளவு வீட்டுப் பேச்சாயிற்று. தகப்பன் ஃபிட்டர், மகன் டர்னர் என்று குடும்பங்கள் வளர்ந்தன.

அத்தகைய ஃபிட்டர் ஒருவர் என் இளமையில் எங்கள் தெருவில் வாழ்ந்தார். பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். மாலை வேளைகளில் அண்டை அயலாரின் தையல் இயந்திரங்களையும் தண்ணீர் பம்புகளையும் திருத்திக் கொடுப்பார். சுத்தியலை அவர் எடுத்து நான் கண்டது மிகக் குறைவு. இறுகிய பொருள் ஒன்றைக் கொடுத்தால் முதலில் அதன் பிணைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். ஒரு பிணைப்பைத் தளர்த்துவார். கையால் அசைத்துப் பார்ப்பார். பிறகு அடுத்ததற்குச் செல்வார். ஏன் இவ்வளவு பொறுமை என்று ஒருநாள் கேட்டேன். "முதலில் அவிழ்த்துவிட்டுப் பார், அப்புறம் அதட்டு" என்றார். நான் பின்னர்ப் படித்த பொறியியல் நூல்கள் பலவற்றின் சாரம் இந்தச் சொல்லில் அடங்கியிருந்தது.

அவர் கைகளுக்கு ஓர் உணர்வு இருந்தது. கடைசல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுழற்றும்போது எந்த இடத்தில் கனக்கிறது என்பதை விரல் சொல்லிவிடும். இயந்திரத்தைக் கணினியிடம் ஒப்படைத்தபோது அந்த விரலை நாம் எடுத்துவிட்டோம். 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி மூன்று அச்சுகளிலும் தானே நகரும் இயந்திரம் காட்டப்பட்டது. ஹெலிகாப்டர் விசிறிகளின் வளைவுகளைச் செப்பமாக வடிக்க விரும்பிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் கருத்து அதற்கு வித்தாயிற்று. பெரிய ஆலைகளில் அத்தகைய இயந்திரங்களுக்கு இருப்பிடத்தைத் திரும்பச் சொல்லும் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள். உராய்வைக் குறைக்கத் திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகளை உருளவிட்டார்கள். 2005ஆம் ஆண்டுக்குப் பின் மலிவான கட்டுப்பாட்டுப் பலகைகளும், யாரும் எடுத்தாளலாம் என்று வெளியிடப்பட்ட மென்பொருள்களும் பெருகவே, எர்ணாவூர் இளைஞர் தம் அறையிலேயே ஓர் இயந்திரத்தைக் கூட்ட முடிந்தது. இது மகிழத்தக்க மாற்றம். ஆனால் மலிவான இயந்திரத்தில் உணர்கருவி இல்லை. பழைய ஃபிட்டரின் விரலும் இல்லை. ஆகவே அந்த விரலை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் சென்றேன். முதலில் மின்சாரத்தை நிறுத்தினோம். மோட்டாரைத் திருகுத் தண்டிலிருந்து பிரித்துவிட்டு, தண்டை விரலால் சுழற்றச் சொன்னேன். இவ்விடத்தில் நோயின் குறிகளை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோணத்தில் கனத்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது மோட்டாரோடு கோணலாக இணைக்கப்பட்டிருக்கிறது. வழிநெடுகக் கனத்தால் அழுக்கு, துரு, அல்லது அளவுக்கு மீறிய முடுக்கு. ஒரு முனையை நெருங்க நெருங்கக் கனம் ஏறினால் வழித்தண்டுகள் இணையாக இல்லை, அல்லது திருகுத் தண்டு அவற்றோடு ஒரே திசையில் இல்லை. கையால் சுழற்றும்போது எங்கும் கனக்காமல், வேகமாக ஓடும்போது மட்டும் படி தவறினால் மட்டுமே மோட்டாரையோ, அதற்குக் கொடுத்த வேகத்தையோ ஐயுறவேண்டும்.

அவர் விரல் சுழற்றிக்கொண்டே வந்தது. நடுவைத் தாண்டியதும் முகம் மாறிற்று. "இங்கே கனக்கிறது, சார்" என்றார். எழுத்துக்கள் சிதைந்த அதே இடம். அடுத்து நட்டையும் சட்டத்திலிருந்து கழற்றினோம். திருகு இப்போது எங்கும் எளிதாகச் சுழன்றது. ஆகவே திருகு குற்றமற்றது. ஒரு வில்தராசைச் சட்டத்தின் நடுவில் மாட்டி மெல்ல இழுத்தோம். தொடக்கத்தில் முந்நூறு கிராம் காட்டிய முள், மறுமுனையை அணுகும்போது இரண்டு கிலோவைக் கடந்தது. குற்றம் வழித்தண்டுகளில் என்பது தெளிவாயிற்று. தண்டுகளின் இடைவெளியை வெர்னியர் அளவியால் இரு முனைகளிலும் அளந்தோம். மோட்டார் இருந்த முனையைவிட மறுமுனையில் 0.7 மில்லிமீட்டர் அகலம் மிகுந்திருந்தது.

காரணத்தைத் தேட நெடுநேரம் ஆகவில்லை. வெள்ளநீரில் ஒட்டுப்பலகையின் ஒரு மூலை ஊறிப் பருத்திருந்தது. அதன்மேல் அமர்ந்த தாங்கிக் கட்டையும் வெளிப்புறமாகச் சற்றே நகர்ந்துவிட்டது. எல்லாம் தளர்வாக இருந்திருந்தால் சட்டம் ஓரளவு இடங்கொடுத்து ஓடியிருக்கும். அவரோ நல்லெண்ணத்தோடு எல்லாத் திருகாணிகளையும் இறுக முடுக்கியிருந்தார். பிசகிய நிலை, பிசகிய நிலையிலேயே நிலைபெற்றுவிட்டது. இடப்பக்கத் தண்டில், பசையின் அடியில் மெல்லிய துருவும் இருந்தது. உப்பு கலந்த நீரை நன்னீரால் முற்றும் கழுவாமல் எண்ணெயிட்டால், எண்ணெயின் அடியிலும் துரு வளரும். கடற்கரை ஊர்களில் இருப்போர் இதனை மறக்கலாகாது. துரு ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் தடையும் ஒரு பக்கம் மிகுந்தது. நடுவில் தள்ளியும், ஓரத்தில் தள்ளிய இழுப்பறைபோல் சட்டம் கோணிற்று.

திருத்தம் எளியது. தண்டுகளை நன்னீரில் கழுவி உலர்த்தி, நுண்ணிய எமரித் தாளால் துடைத்து எண்ணெயிட்டோம். பருத்த மூலையை இழைத்துச் சமன்செய்தோம். வலப்பக்கத் தண்டை நேராக நிறுத்தி உறுதியாக முடுக்கினோம், அது வழிகாட்டி. இடப்பக்கத் தண்டின் இருமுனைக் கட்டைகளையும் தளர்வாக விட்டோம். சட்டத்தை ஒரு முனைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, இடத்தண்டு தனக்குரிய இடத்தைத் தானே தேடிக்கொண்டது. அங்கே அம்முனைக் கட்டையை முடுக்கினோம். மறுமுனைக்குப் போய் அவ்வாறே செய்தோம். நட்டின் திருகாணிகளைக் கடைசியாக, சட்டம் மோட்டாருக்கு அருகில் நின்றபோது முடுக்கினோம். திருகுத் தண்டின் மோட்டார் பக்கத்துத் தாங்கியை மட்டும் இறுக்கி, மறுபக்கம் நீளவாட்டில் சற்றே நகர இடம்விட்டோம். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு, 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர் நீளும். தண்டவாளத்துக்கு வேண்டிய வெளி இதற்கும் வேண்டும். மீண்டும் வில்தராசை மாட்டினோம். முள் முந்நூறு கிராமிலேயே முனைக்கு முனை நின்றது.

பழைய மோட்டாரையே பொருத்தினோம். முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் வெறும் ஓட்டம் ஓட்டினோம். ஒரு குறிக்கோட்டிலிருந்து புறப்பட்டு இருபது முறை சென்று திரும்பிய கருவி, அதே கோட்டில் வந்து நின்றது. மாலையில் புதிய பலகை ஏற்றப்பட்டது. 'திருவொற்றியூர்' என்னும் பெயர் முழுவதும் பிழையின்றி அமைந்தது. வட்டிப் பணம் வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பினார். புதிய மோட்டாரைப் பூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? சில நாள் ஓடியிருக்கும். தேய்ந்துகொண்டே ஓடி, நட்டையோ தண்டையோ தின்றபின் மறுபடியும் நின்றிருக்கும். கடன் மட்டும் நிற்காமல் ஓடியிருக்கும்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்பது அரசர்களின் போர்களை மட்டும் சொல்வது அன்று. ஒரு தகட்டை மூன்று முறை திருப்பிவைத்துப் பார்த்த தொழிலாளியும், தண்டவாளத்துக்கு நடுவே வெளிவிட்ட பொறியாளரும், எங்கள் தெருவில் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்த ஃபிட்டரும் சேர்ந்து எழுதிய வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாற்றின் பயனை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். இன்று வீட்டிற்குச் சென்று இறுகும் இழுப்பறை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதனை அடிக்காதீர்கள். எந்த மூலை முட்டுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். இடத்தைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.